நான் விரட்டிய ப்ராசசர்

'புது கம்ப்யூட்டர்' என்ற சொல் இனி என் வீட்டில் ஒலிக்கக் கூடாது என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். ஒலித்துக்கொண்டிருந்தவள் என் மனைவி பெர்னதெத். ஜீவனஹள்ளியில் யார் வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம் என்றாலும் வீடியோவை வெட்டி ஒட்டித் தருபவள் அவள்தான். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் மணப்பெண் தலை நிமிர்வதற்குள் அவளுக்கு நிஜத்தில் பிள்ளையே பிறந்துவிடும்.

"புதுசு எதுக்கு? இதையே ஓவர்க்ளாக் பண்றேன்," என்றேன்.

"அப்படின்னா?"

"ப்ராசசரைக் கம்பெனிக்காரன் வெச்ச வேகத்தைவிட அதிகமா ஓட்டுறது."

"ஹால்ல இருக்கிற க்ளாக்கே ஸ்லோ. முதல்ல அதை ஓட்டுங்க."

"இது டெக்னிக்கல், பெர்னா! பயாஸ்னு உள்ளே ஒரு செட்டிங் இருக்கு, அதுக்குள்ள போய் வோல்டேஜ் ஏத்தணும்."

"பேரைக் கேட்டாலே பயமாத்தான் இருக்கு."

மாடி வீட்டு ஸ்ரீஹர்ஷா வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஹார்ட்வேர் என்ஜினியர். படியிறங்கும்போது இதைக் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கும்பிட்டான்.

"பேடா சார், வேண்டாம்! பழைய ப்ராசசர். சூடு தாங்காது."

"சூட்டை நான் பார்த்துக்கறேன் தம்பி," என்றேன். வீடியோ பார்த்தே பாதி என்ஜினியர் ஆகியிருந்தேன்.

வேகத்தை ஏற்றினேன். கம்ப்யூட்டர் பாய்ந்தது. சற்று நேரத்தில் உஸ்ஸென்று இரைந்தது. அணைந்தது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்ரூம் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். ப்ராசசருக்குக் காற்று கிடைத்தது. எங்களுக்கு நின்றது.

"ஏங்க, வேர்த்துக் கொட்டுது."

"பொறுத்துக்கோ. ப்ராசசரோட நாலு கோரும் வேலை செய்யுது."

"கோரமாத்தான் செய்யுது."

ஒரு வாரம் நான் ஏற்றினேன், அது அணைந்தது. மாப்பிள்ளை மோதிரம் போடும் இடத்திலேயே வீடியோ நின்றது. பெண் வீட்டார் போன் மேல் போன். வெள்ளிக்கிழமை காலை வோல்டேஜை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, பொம்மசந்திராவுக்கு ஷிஃப்டுக்கு ஓடினேன்.

மாலை வந்து பார்த்தால் அதிசயம்! ஃபேன் பெட்ரூமில். தகடு தன் இடத்தில். திரையில் எப்போதும் இருக்கும் மாதா படம். வீடியோ வெண்ணெயாக ஓடியது. சத்தமே இல்லை.

"காலையில ஏதோ பண்ணீங்களே, அது பிடிச்சுக்கிச்சு போல. இனிமே தொட்டுடாதீங்க," என்றாள் பெர்னதெத், பணிவாக. அந்தப் பணிவிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று விளக்கினேன். "ப்ராசசர் ஒரு குதிரை. ஓட்டத் தெரியணும், அவ்வளவுதான்."

அவள் அண்ணன் ஓஸ்வால்ட் வாய் பிளந்து கேட்டார். மதியமே தன் பழைய கம்ப்யூட்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மாப்ளே, நம்ம குதிரையையும் கொஞ்சம் தட்டி விடுங்க."

தட்டினேன். ஒருமுறை கனைத்தது. கருகிய வாசனை வந்தது. அப்புறம் எழவே இல்லை.

"ஒரு நிமிஷம் மச்சான். நம்மதுல என்ன பண்ணியிருக்கேன்னு பார்த்துட்டு வர்றேன்."

உள்ளே போய் எங்கள் கேபினெட்டைத் திறந்தேன். என் மதர்போர்டு பச்சை. இது கறுப்பு. நான் வாரமெல்லாம் விரட்டிய ப்ராசசரைக் காணோம். அதன் இடத்தில் பளபளவென்று வேறொன்று உட்கார்ந்திருந்தது.

"பெர்னா!"

"கத்தாதீங்க, அண்ணனுக்குக் கேக்கும். வெள்ளிக்கிழமை நீங்க அந்தப் பக்கம் போனதும் ஸ்ரீஹர்ஷா தம்பி வந்து உள்ளே இருக்கிறது எல்லாத்தையும் மாத்திக் குடுத்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பீங்க. சொல்லாததால பிரசங்கம் பண்ணீங்க. எது நல்லா இருந்துச்சு?"

பிரசங்கம்தான் நன்றாக இருந்தது. அதனால் பேச்சை மாற்றினேன். "உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

"அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கினப்பவே தம்பிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்து அதையும் மாத்திடும். நீங்க பண்ணதாவே சொல்லிக்கோங்க."

தகட்டை மறுபடி மாட்டினேன். "அப்ப இந்தக் கம்ப்யூட்டர்ல பழசுன்னு ஒண்ணுமே மிச்சம் இல்லையா?"

"ஏன் இல்லாம? வெளியில அந்த டப்பா இருக்கு. முன்னாடி நீங்க இருக்கீங்க."