தாய்மாமனைக் கருந்துளைக்குள் வைத்த பேனர்

மடுகரை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குக் குறைவில்லாத மச்சான் பச்சையப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை செங்கமலத்தின் வீட்டுக்காரன் சுப்பராயலு வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், செங்கமலம், மாடு கன்று எல்லோரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. குருவிநத்தத்தில் தாங்களும் அக்காவும் நலமா? என் செல் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன். கிழிப்பதற்கு முன்னால் தயவுசெய்து படியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் பெண் அர்ச்சனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணவறைக்கு வருவாள்? அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்த எனக்கு மனசு வராது. நீங்களோ, பேனரில் உங்களைச் சாகடித்துவிட்டேன் என்று கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நடந்தது இதுதான் மச்சான். நெட்டப்பாக்கத்தில் பேனர் அடிக்கும் தமிழ்க்குமரன், "பொண்ணு இன்னாண்ணே பண்ணுது?" என்று கேட்டான். பெங்களூரில் கருந்துளை ஆராய்ச்சி என்றேன். அவன் நெட்டில் தேடி, நெருப்பு வளையம் மாதிரி ஒரு படத்தை எடுத்தான். நடுவில் கறுப்பாக, வட்டமாக இடம் சும்மா கிடந்தது. "தாய்மாமன் போட்டோவுக்குன்னே செஞ்ச மாதிரி கீதுண்ணே" என்று உங்களை உள்ளே வைத்துவிட்டான். பார்க்க அம்சமாக இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். என் சொந்த அண்ணனுக்கே ஓரத்தில் சின்னப் படம்தான், நடுநாயகம் நீங்கள்தான். மரியாதைதானே செய்தேன்? கரையாம்புத்தூர் சின்னப்பிள்ளை அதைக் கண்ணீர் அஞ்சலி பேனர் என்று நினைத்து மாலையோடு உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்ததும், கதவை நீங்களே திறந்ததும், அவர் அலறிக்கொண்டு ஓடி வாய்க்காலில் விழுந்ததும் என் குற்றமா? "அதுக்குள்ள போனது எதுவும் வெளிய வராது" என்று டீக்கடை ராமு உங்களுக்கு செல்லில் வீடியோ காட்டியதும், மறுநாளே உங்கள் போர் மோட்டார் கயிறு அறுந்து குழிக்குள் போனதும் எப்படி என் தலையில் விடியலாம்? கயிறு பழையது மச்சான்.

பயந்துபோய் அர்ச்சனாவுக்குப் போன் போட்டேன். எனக்கு விளங்கிய வரைக்கும் எழுதுகிறேன். கருந்துளை என்பது பள்ளமே இல்லையாம். பெரிய நட்சத்திரம் ஒன்று எரிந்து தீர்ந்து, தன் பாரம் தாங்காமல் தனக்குள்ளேயே நொறுங்கி ஒடுங்கிப்போவதாம். அதன் இழுப்பிலிருந்து வெளிச்சம்கூடத் தப்பாதாம். வெளிச்சமே வராததை எப்படிப் பார்ப்பது, அதில் என் மூஞ்சியை எப்படி வைப்பது என்று செங்கமலத்திடம் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான், நானும் கேட்டேன். "அதப் பாக்க முடியாதுப்பா. அதச் சுத்தி வர்ற வாயு சூடாகிப் பளபளன்னு எரியும், அதத்தான் பாக்கறோம். நடுவுல இருட்டா தெரியுறத வெச்சு, உள்ள அது இருக்குதுன்னு கண்டுபிடிக்கிறது" என்றாள். பல நாட்டுத் தொலைநோக்கிகளைச் சேர்த்து வைத்துத்தான் படமே எடுத்தார்களாம். "ரொம்பக் கிட்ட போனாதான் ஆபத்து. நம்ம சூரியனே அதே எடையில கருந்துளையா ஆனாலும், பூமி அதுபாட்டுக்குச் சுத்திக்கினுதான் இருக்கும்" என்றும் சொன்னாள். கேட்டீர்களா? பூமிக்கே ஒன்றும் ஆகாதபோது குருவிநத்தத்துக்கு என்ன ஆகிவிடும்? வெயில் இருக்காதே என்றேன். "ஆமாப்பா, வெறச்சிப் போயிடுவோம்" என்றாள். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, ஒருவர் உள்ளே போவதை வெளியிலிருந்து பார்த்தால் அவர் விளிம்பிலேயே நின்றுவிட்ட மாதிரிதான் தெரியுமாம். ஆகவே எங்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் போகவே இல்லை.

எழுத எழுத உங்கள் கோபத்தைக் கிளப்புகிறேனோ என்று தோன்றுகிறது. மாமா சமாதானம் ஆனாரா என்று பெண் தினமும் கேட்கிறாள். வரமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு எடுத்த பட்டுவேட்டியை மடியில் வைத்துக்கொண்டு செங்கமலம் அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வந்து நாலு பேர் எதிரில் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன், ஆனால் வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குழிக்குள் போன மோட்டார் சேதமில்லாமல் மேலே வர அம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழக் காத்திருக்கும்
சுப்பராயலு

பி.கு.: செங்கமலம் இப்போதுதான் பேனரைப் படம் பிடித்து அர்ச்சனாவுக்கு அனுப்பினாள். பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறது. "அப்பா, இது கருந்துளையே இல்ல. சூரிய கிரகணம். நிலா குறுக்க வந்தப்ப எடுத்த படம்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கருந்துளை என்றால்தான் விடாது. கிரகணம் விட்டுவிடும், விட்டதும் ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு செங்கமலம் சொல்கிறாள்: "எங்க அண்ணன அங்கயே குளிச்சிட்டு வரச் சொல்லி எழுதாதீங்க. வியாழக்கிழமையே நம்ம வூட்டுக்கு வந்துடச் சொல்லுங்க. வெந்நீர் நான் வெச்சுத் தர்றேன்."