பிளக்கைப் பிடுங்கினாலும் மறக்காதது

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நானும் சலவைக்கடையும் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய பழைய கணினியும் நலம். தும்முவது போலச் சத்தம் மட்டும் போடுகிறது.

எங்கள் கடையில் துணியில் சீட்டுக் குத்துவதில்லை. முதலாளியம்மாவுக்கு ஓட்டை பிடிக்காது. நான் எழுதிய புரோகிராமில் டோக்கன் எண்ணைத் தட்டினால் என்ன துணி, எந்த அலமாரி என்று வரும். ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். அதற்காகத்தான் தகவலை டிஸ்க்கில் எழுதி வைக்கும் மென்பொருள் கிடங்குகள் மூன்றின் பெயரை அனுப்பினீர்கள். முதலாளியம்மா ஒரு வாரம் கெடு கொடுத்தார். தேறாவிட்டால் நான் கவுண்டரில் நின்று, வருகிறவர்களிடம் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன்’ சொல்லவே எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் கிடங்கு ஒரு சட்டையைச் சேர்த்தாலும் மொத்தக் கோப்பையும் மறுபடி எழுதியது. அதற்குள் இஸ்திரி அண்ணன் அந்தச் சட்டையை மடித்தே வைத்துவிட்டார். இரண்டாவது மின்னல் வேகம், ஆனால் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு அப்புறம் எழுதுகிற ரகம். முதலாளியம்மா வந்து, “மறக்கிறதுக்கு வீட்ல ஒருத்தர் இருக்காரு, கடைக்கு வேற வேணாம்” என்று சோதனைக்குப் பிளக்கைப் பிடுங்கினார். கடைசியாகச் சேர்த்த ஒன்பது கோட்டுகளின் பதிவைக் காணோம்.

மூன்றாவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்த பிறகுதான் ‘சரி’ என்கிறது. ஒரு லட்சம் பொய்ச் சட்டைகளைப் போட்டு, எழுபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டாவது எங்கே என்று கேட்டேன். விரலை எடுக்கும் முன் பதில் வந்து நிற்கிறது, சித்தி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதலாளியம்மா ஆறு தடவை பிளக்கைப் பிடுங்கினார். “சொன்னதையே சொல்லுதே, சரியான கல்லுளிமங்கன்” என்றார். வாயைப் பிளந்து பார்த்த இஸ்திரி அண்ணன், பெட்டியைத் தூக்க மறந்து மேசைத் துணியைக் கருக்கினார். திங்கட்கிழமை உண்மைத் துணிகளோடு தொடங்கினோம். அன்று மாலையே, அதுவரை டோக்கன் கணக்கு எழுதி வந்த நோட்டுகளெல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டன.

யாரோ முகம் தெரியாதவர்கள் இதை எழுதிச் சும்மா கொடுத்திருக்கிறார்களாம். அவர்களைப் பார்த்தால் நன்றி சொல்லுங்கள், நான் கூச்சப்படுவேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டித் தங்கைக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கடையில் கிழமைக்கு ஒரு நிற டோக்கன். எல்லா நிறத்திலும் ஒன்று முதல் நூறு வரை. நான் எண்ணை மட்டும்தான் கேட்க வைத்திருந்தேன். நீலம் பதினான்கைத் தட்டியதும், திங்கட்கிழமையின் சிவப்பு பதினான்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதிக்கொண்டது. மதியத்துக்குள் எழுபத்தொரு பேரின் துணி எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அந்த அழிப்பையும் கண் இமைப்பதற்குள், ஒன்றுவிடாமல் செய்திருக்கிறது. இப்போது நிறத்தையும் சேர்த்துவிட்டேன். ஆனால் சிவப்பு டோக்கன்காரர்களுக்காகக் கவுண்டரில் நான்தான் நிற்கிறேன். “உங்க துணி எப்படிங்க இருக்கும்?” என்று இதுவரை முப்பது பேரிடம் கேட்டாயிற்று. ஒரு பெரியவர், “சத்தமா கேளும்மா” என்றார். கேட்டேன்.