முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பத்திரெண்டு

“அப்பா, டயருக்குள்ள இருக்கிற காத்து யாரோடது?”

மகள் இப்படிக் கேட்ட நேரத்தில் அப்பா வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு வேறு.

“நம்மளோடது இல்ல. பெட்ரோல் பங்க்ல ஓசியில பிடிச்சது. தொணதொணக்காம உள்ள போ.”

மறுநாள் காலை அவளைப் பின்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளைக் காம்பவுண்டு வாசலில் திருப்பினார். முன்சக்கரம் அவர் பேச்சைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. போன பக்கத்தில், அடுத்த போர்ஷனில் குடியிருக்கும் பலூன்காரர் யாருடைய பிறந்தநாளுக்காகவோ ஒரு பெரிய பலூன் வளைவைக் கட்டி நிறுத்தியிருந்தார். வண்டி அதற்குள் புகுந்தது. தெருவே அதிரும்படி படபடபடவென்று வெடிச் சத்தம்.

கடவுள் கருணை, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்தில் ரிப்பனோடு எழுந்த மகள், “இன்னொரு தடவைப்பா!” என்றாள்.

பலூன்காரர் கையில் ஊதி முடித்த ஒற்றைப் பலூனோடு வாயைப் பிளந்து நின்றார். அந்த நேரத்தில் ஒரு ‘மன்னிச்சுக்குங்க’ சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கண்ணாடிக்காரர் சொன்னதோ வேறு.

“நடுவழியில எவனாவது வளைவு நட்டு வைப்பானா?”

“காத்தே இல்லாத வண்டியை எவனாவது ஓட்டுவானா?” என்றார் பலூன்காரர்.

அதற்குப்பின் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மனைவி வந்து முன்டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். விரல் மெத்தையில் புதைவதுபோல் புதைந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து மகள் பள்ளி வேனில் போனாள். வேனுக்கும் அவள் வயிற்றுக்கும் ஆகவில்லை. காலையில் சீருடையில் போகிறவள் மாலையில் ஆயாம்மா எடுத்துக் கொடுத்த மாற்றுச் சட்டையில், முகம் வெளிறி, துவண்டு வந்து இறங்கினாள். அதைப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“நானே கூட்டிட்டுப் போறேனே,” என்றார் மனைவியிடம்.

“சனிக்கிழமை வேன்காரருக்கு அடுத்த மாசத்துக்கு வர்றோமா இல்லையான்னு சொல்லணும். அதுவரைக்கும் தினமும் காலையில நான் டயரைப் பார்ப்பேன். சனிக்கிழமை காத்து சரியா இருந்தா உங்ககூட அனுப்புறேன். இல்லேன்னா வேன்தான்.”

“அவ்வளவுதானே!”

அன்று மாலையே காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கினார். வண்டியோடு வந்த அட்டையைப் பார்த்து, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு படிப்பதுபோல் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார்: “முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பத்திரெண்டு. முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பத்திரெண்டு.” மகளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பங்க்குக்குப் போய் அந்த அளவுக்கே காற்று அடித்து, வீட்டுக்கு வந்து இன்னொரு முறை அளந்து, வால்வு மூடியைத் திருகி, அதை ஒரு தட்டும் தட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் மனைவி கேஜை வைத்தாள்.

“பின்னாடி முப்பத்திரெண்டு. சரி. முன்னாடியும் முப்பத்திரெண்டு!”

“இருக்காது.”

“நீங்களே பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. வண்டியா இது, உருட்டுக்கட்டையா?”

டயரில் காற்று இறங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஏறும் என்று அவர் பரம்பரையிலேயே யாரும் கேள்விப்பட்டதில்லை.

கேஜ் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கினார். அது ஒரு புள்ளி கூடுதலாகக் காட்டியது. எது சரி என்று பார்க்கப் பஞ்சர் கடையிலிருந்து மூன்றாவதை இரவல் வாங்கினார். அது முதலாவதோடு ஒத்துப்போனது. அளந்து அளந்து ஒவ்வொரு முறையும் ‘புஸ்’ என்று கொஞ்சம் போனதில் டயர் தளர்ந்தது. திரும்பப் பங்க்குக்குப் போய் இருபத்தஞ்சு ஆக்கிக்கொண்டு வந்தார்.

காலையில் முப்பத்திரெண்டு.

“சூட்டுல காத்து விரியும் சார். டயரைக் குளிர்ச்சியா வைங்க,” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அன்று மாலை முன்சக்கரத்துக்கு ஈரச் சாக்கு சுற்றினார். அரைமணிக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் தெளித்தார்.

“டயருக்குக் காய்ச்சலா? கஞ்சி வைக்கட்டுமா?” என்று மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

காலையில் சாக்கு அழகாக மடித்துச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. டயரில் முப்பத்திரெண்டு.

மூளையை உபயோகிப்பது என்று முடிவு செய்தார். தினமும் ஏழு ஏறுகிறது. அப்படியானால் மாலையில் பதினெட்டு வைத்தால் காலையில் இருபத்தஞ்சு. கணக்கு பிசகவே பிசகாது. பதினெட்டு வைத்தார்.

காலையில் முப்பத்திரெண்டு.

கோபத்தில் அன்று மாலை கடைசி மூச்சு வரை காற்றைப் பிடுங்கிவிட்டார். முன்சக்கரம் சப்பையாகி, வண்டி கும்பிடு போடுவதுபோல் குனிந்து நின்றது. “இப்ப ஏறு பார்க்கலாம்,” என்று அதனிடமே சவால் விட்டார்.

காலையில் வண்டி நிமிர்ந்து நின்றது. முப்பத்திரெண்டு.

மனைவி கேஜைக் கீழே போட்டுவிட்டாள். “என்னங்க, இது காத்து இல்ல. காத்து கருப்பு!”

“டயருக்குள்ள பேய் எப்படிடி போகும்?”

“மத்தவங்களுக்கு வீட்டுக்குள்ள வருது. நமக்கு டியூப்ல வருது. அவங்கவங்க அதிர்ஷ்டம்.”

கடையிலும் அவருக்குப் புத்தி டயரிலேயே இருந்தது. கண் பரிசோதனை முடிந்த ஒரு பெரியவரிடம், “வலது கண்ணுக்கு இருபத்தஞ்சு, இடது கண்ணுக்கு முப்பத்திரெண்டு,” என்று சீட்டை நீட்டினார்.

பெரியவர் சீட்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். “ஏம்ப்பா, இது கண்ணா, லாரி டயரா?”

முதலாளி அவரை ஒதுக்குப்புறமாக அழைத்து, “வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்றும் மகள் மாற்றுச் சட்டையில்தான் வந்தாள். “நாளைக்குக் காத்து சரியா இருக்கும்ல அப்பா?” என்று அவர் மடியில் படுத்துக்கொண்டே கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய், முன்டயரை மறுபடி இருபத்தஞ்சு ஆக்கினார். அன்றைய பிரார்த்தனையில் வழக்கமான வேண்டுதல்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, “ஆண்டவா, முன்டயரை மட்டும் பார்த்துக்கோ,” என்று கேட்டுக்கொண்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. விடிகிற நேரத்தில் எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். உட்கார வசதியாக அங்கே ஒரு மூட்டை இருந்தது.

சற்று நேரத்தில் பக்கத்து போர்ஷன் கதவு ஓசைப்படாமல் திறந்தது. பலூன்காரர் அளவு முள் வைத்த தன் மின்சாரப் பம்பை மார்போடு அணைத்துக்கொண்டு பூனைபோல் வந்தார். முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். குழாயை வால்வில் மாட்டிப் பம்பை முடுக்கினார்; அது மெல்ல முனகியது.

“பிடிச்சேன்!” என்று கண்ணாடிக்காரர் துள்ளினார். துள்ளிய வேகத்தில் கால் இடறி மூட்டைமேலேயே விழுந்தார். அது ஊதிய பலூன் மூட்டை.

படபடபடபடவென்று சத்தம் எழுந்ததில் காம்பவுண்டு மொத்தமும் விழித்துக்கொண்டது. மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். மகள் போர்வையோடு வந்தாள்.

“இவன்தான்! பழி வாங்குறான்! என் காத்தைப் பிடுங்க வந்திருக்கான்!”

“பிடுங்கலை சார்,” என்றார் பலூன்காரர். “குடுக்கிறேன்.”

“குடுக்கிறியா?”

“பாப்பாதான் வந்து கேட்டுச்சு. ‘அங்கிள், உங்ககிட்ட நிறைய காத்து இருக்கே, எங்கப்பாவுக்குக் கொஞ்சம் குடுங்க. முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பத்திரெண்டு’ன்னு. நீங்க என் மூஞ்சியைப் பார்க்கிறதில்ல. அதான் நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள வந்துட்டுப் போயிடுவேன்.”

“முன்னாடி இருபத்தஞ்சுதானேய்யா! நீ ஏன் முப்பத்திரெண்டு வச்சே?”

“முன்னாடி இருபத்தஞ்சு வச்சுட்டு, அப்புறம் பின்னாடி முப்பத்திரெண்டு ஆக்கணும்... அப்படித்தானே? பலூனுக்கு அதுதான் சார் முறை. முன்னாடி கொஞ்சமா ஊதி ரப்பரைப் பழக்கணும், பின்னாடி முழுசா ஊதணும். இந்தச் சக்கரத்துல பாதிதான் இருந்துச்சு, முடிச்சு வச்சேன். அந்தச் சக்கரத்துல முழுசா இருந்துச்சு, நீங்களே முடிச்சுட்டீங்கன்னு விட்டுட்டேன். ஒருநாள் சுத்தமா சப்பையா கிடந்துச்சு பாருங்க, என் பம்பே புகைய ஆரம்பிச்சிடுச்சு.”

முதலில் சிரித்தது மனைவி. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் ஏன் என்று தெரியாமலே சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “உன் வளைவையே உடைச்சவன் நான். எனக்கு எதுக்கு நீ...”

“வளைவு போனா வேற கட்டிக்கலாம். குழந்தை தினமும் துவண்டு போய் இறங்குது சார். கண்ணால பார்க்க முடியலை.”

கண்ணாடிக்காரர் மண்டியிட்டு, முன்சக்கரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, இருபத்தஞ்சில் நிறுத்தி, கேஜை மனைவியிடம் நீட்டினார். அவள் அதைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“அன்னைக்கு எனக்குக் கோபம், டயரை ஒரு பார்வை பார்க்காம குழந்தையை ஏத்தினீங்களேன்னுதான். இப்பத்தான் பொழுதுக்கும் அதையே பார்க்கிறீங்களே. கூட்டிட்டுப் போங்க.”

திங்கட்கிழமை காலை, அளந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மகள் பின்னாலிருந்து அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்பா, இப்ப இருக்கிறது பலூன் அங்கிளோட காத்துதானே?”

“ஆமாம்மா.”

“அவரே குடுத்தாரு, அதனால வச்சுக்கலாம். பங்க்ல பிடிச்சது நம்மளோடது இல்லேன்னு சொன்னீங்கல்ல? அடுத்தவங்க பொருளை வச்சிருக்கக் கூடாதே. அதான் அன்னைக்கு ராத்திரியே முன்சக்கரத்து மூடியைத் திறந்து, குச்சியால அமுக்கி, கை வலிக்கிற வரைக்கும் காத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்.”

வண்டி ஒரு கணம் ஆடிவிட்டு நேரானது.

மறுநாள், விடிவதற்குக் கொஞ்சம் முன்பு, பலூன்காரர் வீட்டு வாசலில் வெறும் கம்பி வளைவு ஒன்று நின்றிருந்தது. கீழே ஊதாத பலூன் பாக்கெட்டுகள். கண்ணாடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆளரவம் இல்லை. உட்கார்ந்தார். முன்னாடி கொஞ்சமாக ஊதி ரப்பரைப் பழக்கினார், பின்னாடி முழுசாக ஊதினார். கன்னம் வலிக்க வலிக்கக் கடைசிப் பலூன்வரை கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பொழுது விடிந்தபோது வளைவு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் இருந்த காற்று யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.