கபால சமதள நோய்

நூற்றுப் பன்னிரண்டு நாள், ஆறு மணி நேரம். பாலும் குளியலும் நீங்கலாக இவ்வளவு காலமும் ஒரு குழந்தை ஒரே பெட்டியில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்த சாதனை உலக சரித்திரத்தில் வேறெங்கும் இல்லை. சிசு சம்ரட்சண சங்கத்தின் 1927ஆம் வருஷ அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. நடுவில் ஒரு நாள் மட்டும் நேர்ந்த குறையை அறிக்கை பெருந்தன்மையோடு மன்னித்திருக்கிறது.

சாதனையாளன் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று காசிமேட்டு மீன்காரி பூவம்மா வைத்த பெயர்.

அந்த வட்டாரத்துக்குச் சங்கத்தின் நர்ஸ் சொக்கம்மாள். அதிகம் பேசமாட்டாள். சங்கம் முதலில் தூளிகளை ஒழித்தபோதும் அவள் பேசவில்லை. பழைய புடவையில் தொங்குவது "ஆதிகால வழக்கம்" என்று தீர்மானம் நிறைவேறியது. பிறகு ஒன்பது வீடுகளுக்குத் தேக்குப் பெட்டிகள் வந்தன. தலைமாட்டில் சாய்பலகை அடித்திருந்ததால் குழந்தையைத் தலை மாற்றிப் படுக்கவைக்க முடியாது. பெட்டி சுவரை ஒட்டியே இருக்கவேண்டும். அநாவசியமாகக் குழந்தையைத் தூக்கக்கூடாது. தூக்கினால் "சொகுசுப் பழக்கம்" உண்டாகி, பெரியவனானதும் ராஜாங்கத்துக்கு விரோதமாகப் போய்விடுவானாம்.

பூவம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டைப் பறிகொடுத்தவளுக்குச் சங்கத்து டாக்டரைப் பகைத்துக்கொள்ளத் துணிவில்லை.

மண்ணாங்கட்டிக்கு வலப்பக்கம் வாசல். வெளிச்சம் வருவதும் அங்கேதான், கூடையை இறக்கிவிட்டு அம்மா வருவதும் அங்கேதான். அவன் வாசலையே பார்த்துக் கிடந்தான். இரண்டாம் மாதம், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பூவம்மாவின் கை நின்றது.

"நர்சம்மா, இங்க தொட்டுப் பாரேன். இந்தப் பக்கம் சப்பையாக் கீது."

சொக்கம்மாள் உச்சிக்கு நேர் மேலிருந்து பார்த்தாள். பின்தலை வலப்பக்கம் தட்டையாகியிருந்தது. வலது காது இடது காதைவிட அரை விரல் முன்னால் வந்திருந்தது. பெட்டியைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் வாசல் இடப்பக்கம் வரும், தலையும் தானாக மறுபக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தோன்றியது. திருப்பிப் போட்டாள். விழித்திருக்கும்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளவும், பக்கத்தில் உட்கார்ந்து சற்று நேரம் குப்புறப் படுக்கவைக்கவும் சொன்னாள்.

மறுநாள் சங்கத் தலைவர் ராவ் சாகிப் பொன்னுரங்கம் பார்வையிட வந்து, வாசலில் நின்றே பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலையே சொக்கம்மாளுக்கு உத்தரவு வந்தது. "பெட்டி பூர்வ நிலைக்கு உடனே திருப்பப்பட வேண்டியது. தவறினால் வேறு நர்ஸ் நியமிக்கப்படும்."

"இன்னாத்துக்குத் திருப்பக் கூடாதாம்?" என்றாள் பூவம்மா.

"மேலிடத்து உத்தரவு."

"மேலிடத்துக்கு என் புள்ள தலைல இன்னா வேல?"

சொக்கம்மாளுக்குப் பதில் தெரியும். ஆனாலும் பெட்டியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் சங்கமே அந்த நோயைக் "கண்டுபிடித்தது". ஒன்பது பெட்டிகள், ஒன்பது தட்டைத் தலைகள். மூன்று கூட்டங்கள் கூடி அதற்குக் "கபால சமதள நோய்" என்று பெயர் சூட்டினார்கள். நான்காவது கூட்டத்தில் சிகிச்சை முடிவாயிற்று. ஒன்றரை ராத்தல் இரும்புத் தொப்பி, நான்கு பக்கமும் திருகாணி. தினம் அரைச் சுற்று முடுக்கினால் தலை உருண்டையாகிவிடும். முதலில் மாட்டிக்கொள்ளும் பாக்கியம் மண்ணாங்கட்டிக்கு என்று தீர்மானமாயிற்று.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் சங்கம் பூவம்மா வீட்டில் வந்து நின்றது. நோயின் மூலத்தைச் சங்கத்து டாக்டர் வால்டர் விளக்கினார்.

"கடல்காற்று. ஒரே திசையிலிருந்து அடிக்கிறது. அழுத்தமும் ஒரே பக்கம்."

"என் புருசன் பொறந்ததுலேர்ந்து கடல்ல கீறான். அவன் மூஞ்சி இன்னேரம் தோசையாப் பூட்டிருக்கணுமே?"

ராவ் சாகிப் கையமர்த்தினார். "காற்று இல்லை டாக்டர், பெயர்தான். மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டால் மண்டை எப்படி வளரும்?"

"அப்ப மீதி எட்டுப் புள்ளைங்களுக்கும் நான்தான் பேரு வெச்சனா, நைனா?"

"எதிர்த்துப் பேசும் தாய்மார்களும் ஒரு காரணம்" என்று ராவ் சாகிப் சொன்னதைக் காரியதரிசி எழுதிக்கொண்டார்.

டாக்டர் தொப்பியைத் தூக்கினார். திருகாணிகள் கடகடவென்று ஆடின. மண்ணாங்கட்டி வாசலைப் பார்த்துச் சிரித்தான். பூவம்மா பெட்டிக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டு, சொக்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"இவுங்க பேச்ச விடு. நீ சொல்லு நர்சம்மா. இத்த மாட்டுனா என் புள்ள தல சரியாப் பூடுமா? சரியாப் பூடும்னு நீ சொன்னா மாட்ட வுடறேன்."

எல்லோரும் சொக்கம்மாளைப் பார்த்தார்கள். ராவ் சாகிப் மெல்லக் கனைத்தார். அது உத்தரவுக்குச் சமம்.

"வேணாம் பூவம்மா. பெட்டியைத் திருப்பினாலே போதும்" என்றாள் சொக்கம்மாள். பிறகு ராவ் சாகிப் பக்கம் திரும்பினாள். "ஐயா, பெட்டியில ஒரு பக்கத்துலதான் உங்க பேரு எழுதியிருக்கு. திருப்பினா அது சுவத்துப் பக்கம் போயிடும், வாசல்ல நின்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது. அதுக்காகத்தான் ஒம்பது புள்ளைங்க தலையும் சப்பையாச்சு."