பேச்சியக்கா புரண்டு படுத்த படம்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே ஒரு ஸ்கேன் மையமும் இருந்தது. எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கேன் எடுப்பவர் வீரபுத்திர நரியார். உடம்பைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதா, நெடுக்காகவா, சாய்வாகவா என்று தீர்மானிப்பது அவர் வேலை. வெட்டெல்லாம் படத்தில்தான், கத்தி கிடையாது. எதற்கு எந்த வெட்டு என்று வாத்தியார் சொல்லித்தந்த அன்று நரியார் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். அதனால் கழுத்தானாலும் வாலானாலும் அவரிடம் குறுக்கு வெட்டுதான்.

ஒருநாள் பேச்சியக்கா கரடி வந்தாள். தேனுக்கு மரமேறியதில் தோள் போயிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. குகையில் குட்டிகள் பசியோடு கிடந்தன.

"கிழிசல் தெரிஞ்சா தைச்சிடலாம்" என்றார் ஆந்தை டாக்டர். "தெரியலேன்னா வெறும் பிடிப்பு. நாளைக்கே மரம் ஏறட்டும்."

நரியார் குறுக்காக எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் குறுக்காகவே எடுத்தார். தோளின் தசைநாரோ சாய்ந்து ஓடுகிறது. புடலங்காயை நறுக்குவதுபோல் நறுக்கினால் துண்டு துண்டாகத்தானே தெரியும்?

'கிழிசல் இல்லை என்று சொல்லிவிடலாமா?' பாதி மரத்தில் கை நழுவும் கரடி கண்முன் வந்தாள். 'அட மடநரியே, அன்றைக்காவது முழித்திருந்தால் என்ன?' என்று நரியார் தன்னையே வைதுகொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக நெடுக்கு வெட்டை அமுக்கினார்.

"அக்கா, ஆடாம அசையாம படுங்க!"

"நான் என்ன பாறாங்கல்லா? தோள்பட்டையில உயிர் போகுது தம்பி!" என்று பேச்சியக்கா ஒருக்களித்துப் புரண்டாள்.

அவ்வளவுதான். அவள் புரண்டதில் நெடுக்கு வெட்டு சாய்வு வெட்டாகிவிட, தசைநார் முழு நீளத்துக்கும் படத்தில் விழுந்தது, நடுவில் பளிச்சென்று ஒரு கிழிசலோடு.

"அபாரம்! இந்தக் கோணம் எப்படிய்யா பிடிச்சீர்?" என்று ஆந்தை வாய் பிளந்தார்.

நரியார் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். "அனுபவம் சார்" என்று வந்துவிட்டது.

தோள் தைக்கப்பட்டது. அடுத்த தேன் பருவத்தில் பேச்சியக்கா உச்சிக்கொம்பு வரை ஏறினாள். நரியாரை வெட்டுக்கோணப் பாடத்துக்கே வாத்தியாராக்கினார்கள். வகுப்பில் பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். அவர் யாரையும் எழுப்பவில்லை.

நீதி: கோணம் தெரியாதவன் கலங்க வேண்டாம், வலி பொறுக்காத நோயாளி தானே புரள்வார். புரண்டதை மட்டும் வெளியே சொல்லாதிருப்பதே கல்வி.