முடியாது சாரும் சேலத்துக் கம்ப்யூட்டர்களும்

தருமபுரி மாவட்டத்திலேயே ‘முடியாதுங்க’ என்ற சொல்லை அவரைப் போல மரியாதையாகச் சொன்னவர் வேறு யாரும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பார். பெயர்ப்பலகை கிடையாது. ஊர் முழுக்க அவருக்கு ஒரே பெயர்: முடியாது சார்.

ஒருமுறை ஒரு அரிசி வியாபாரி, தன் இரண்டு மாடி வீட்டுக்கு மேல் மூன்றாவது மாடி எழுப்ப வேண்டும் என்று வந்தார். சார் பிளானைப் பார்த்தார். “முடியாதுங்க. கட்டியே தீரணும்னா, கீழ் மாடிய எடுத்துட்டு மேல கட்டிக்குங்க.” கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரிடமும் இலை மேல் கையை நீட்டி, “இதுக்கு மேல தாங்காதுங்க” என்பார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எண்ணெய் மில்லில் வேலை. எண்பதுகளின் கடைசியில், மாதா புண்ணியத்தில் வீடு கட்ட ஆரம்பித்தேன். தெரு சனமெல்லாம் எங்கள் கூடத்தில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்ல வேண்டும் என்பது என் மனைவி ஜெசிந்தாவின் ஆசை. அதனால் நடுவில் தூண் கூடாது. தூண் இல்லையென்றால் பதினெட்டு அடிக்கு ஒரே பீம்.

“ஒம்பது இஞ்சு கனம் போதும்ணே. நாலு கம்பி. முடிஞ்சுது கதை” என்றார் மேஸ்திரி.

யாருடைய கதை முடியும் என்பதுதான் என் கவலை. கண்ணை மூடிச் செபம் சொல்கிறவர்கள் தலைக்கு மேல் இருக்கப்போகிற பீம். சாரிடம் ஓடினேன்.

அவர் கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினார். “முடியாதுங்க.”

“பீமா சார்?”

“பீம் முடியும்ங்க. என்னாலதான் முடியாது. கண்ணுல புரை. மூணும் எட்டும் ஒண்ணாத் தெரியுது. பதினெட்டு இஞ்சு கனம்னு வருது, அத எப்படி நம்பறது? சேலத்துல பீம் கணக்குப் போடற கம்ப்யூட்டர் புரோகிராம் விக்கறாங்களாம். எது நெசம் பேசுதுன்னு பாத்து ஒண்ணு வாங்கணும். கூட வாங்க, நம்பர் படிக்க ஒரு கண்ணு வேணும்.”

போனோம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சார் என் வீட்டுக் கணக்கை முதலில் எடுக்கவில்லை. நிற்கவே முடியாத பொய் பீம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். நாற்பது அடி நீளம், ஒன்பது இஞ்சு கனம், அதன் மேல் ஒரு ரைஸ் மில்!

முதல் கடையில் கலர் கலராகப் படம் வந்தது. இருபது பக்கம் அச்சாகி விழுந்தது. டை கட்டியவர் பூரித்துப்போனார். “ஓகே சார்! முப்பத்திரெண்டு கம்பி!”

“அத்தனை கம்பிய அடுக்குனா காங்கிரீட்ட எங்கங்க ஊத்தறது?”

“அத நீங்க சைட்ல பாத்துக்கலாம் சார்.”

இரண்டாவது கடையில் கம்ப்யூட்டர் எங்களைக் கேள்வி கேட்டே கொன்றது. காற்று என்ன வேகம்? கடல் எவ்வளவு தூரம்? “எங்கூருக்குக் குழாய்த் தண்ணியே வரலீங்க, கடல் எங்க வருது?” என்றேன். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்தாம். சார் எழுந்து செருப்பைத் தேடினார்.

மூன்றாவது, ஒரு வீட்டின் பின்னறை. கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மா தானே எழுதிய புரோகிராம். ஐந்தே கேள்வி. ‘கீச்’ என்று ஒரு சத்தம், ஒற்றை வரி.

“என்னம்மா சொல்லுது?”

“முடியாதுங்குது சார். கனம் பத்தலையாம்.”

காணாமல்போன தம்பியைக் கண்டதுபோல சார் அந்தத் திரையைப் பார்த்தார். “இதையே வாங்கிக்கறேம்மா.”

“இதுல படமெல்லாம் வராது சார். உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கா?”

“இல்லீங்க. மொதல்ல யோக்கியனப் பாத்துக்கணும். அவனுக்கு வூடு அப்புறம் பாத்துக்கலாம்.”

பிறகுதான் என் வீட்டு பீம். சார் எழுதிய தாளைத் திரையோடு சேர்த்துப் பிடித்தேன்.

“பதினெட்டுங்க சார்!”

“நல்லாப் பாருங்க. மூணா, எட்டா?”

“எட்டு சார். சத்தியமா எட்டு. கம்பியும் நீங்க எழுதினதேதான்.”

அவர் விட்ட மூச்சில் மேசைத் தாள்கள் பறந்தன. பஸ் தொப்பூர் மேடு ஏறும்போது என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

பீம் போட்டு இருபத்தொரு நாள் கழித்து, அதைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளைப் பிரிக்கிற அன்று, சார் டிபன் பாக்ஸோடு வந்து நேராக பீமுக்கு அடியில் உட்கார்ந்தார். மேஸ்திரி பதறினார். “சார், அந்தாண்ட போங்க!”

“முடியாதுங்க. நிக்கும்னு சொன்னவன் நானு. நாந்தான உக்காரணும்?”

முட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஜெசிந்தா ஒரு அருள் நிறை மந்திரத்தை மூன்று முறை பாதியில் விட்டாள். பீம் அசையவில்லை. கொஞ்சம் தூசி மட்டும் அவருடைய புளிசாதத்தில் விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

“பதினெட்டு இஞ்சும் தலைக்கு மேல தொங்குதே சார்” என்றேன்.

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். “தொங்கட்டுங்க. விழாம இருந்தாச் சரி.”

சார் இறந்து பல வருஷமாகிறது. உண்மைப் பெயரைக் கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன். இன்றும் அந்தக் கூடத்தில் மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது, “முடியாது சாருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் ஆண்டவரே” என்கிறாள் ஜெசிந்தா. யாரும் சிரிப்பதில்லை. மேலே இருப்பவருக்கு ஆளைத் தெரியும்.