டாங்கிக்கு என்ன கலர், மாப்பிள்ளை?

நீடாமங்கலம்,
8-11-1971

மகா-ராஜ-ராஜஸ்ரீ மாப்பிள்ளை ராசு அவர்களுக்கு, மாமனார் சிவசாமி ஆசீர்வாதம்.

இவ்விடம் நான், தங்கள் அத்தை சௌந்தரநாயகி, தையல்நாயகி, சினைப்பசு எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். அவ்விடம் என்பது எவ்விடம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ராணுவ அதிகாரி ஐயா அவர்களுக்கும் என் வணக்கம். தமிழ் தெரிந்தவராகத்தான் இருப்பீர்கள். இது பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற சமாசாரம். ராணுவ ரகசியம் இதில் எள்ளளவும் கிடையாது, நிம்மதியாகப் படிக்கலாம்.

மாப்பிள்ளை, போன லீவில் வந்தபோது, மீரா உசேன் பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் டாங்கிப் பெட்டியை வாங்கி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு, அப்பா ஓட்டுகிற வண்டி இதுதான் என்று காட்ட என்று சொல்லிச் சாப்பாட்டைக்கூட மறந்து துண்டு துண்டாக ஒட்டி முடித்தீர்கள். பெயிண்ட் அடிப்பதற்குள் லீவு ரத்து என்று தந்தி வந்துவிட்டது. "நீங்க ஒண்ணும் தொடாதீங்க மாமா, அடுத்த லீவுல நானே அடிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். நான் தொட்டுவிட்டேன்.

காரணம் தையல்நாயகிதான். வாயும் வயிறுமாக இருக்கிற பெண், ரேடியோவில் எல்லைப்புறச் செய்தி வந்தால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். "அவரு எங்கப்பா இருக்காரு?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன்? தங்கள் விலாசத்தில் ஊர்ப்பெயரே கிடையாது, 56 ஏ.பி.ஓ. என்று ஒரு ராணுவத் தபால் நம்பர்தான் இருக்கிறது. ரிடையர் ஆகும்வரை ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருந்தவன் நான். போய்ச் சேருகிற ஊர் எழுதாத ஒரு மூட்டையைக்கூட என் காலத்தில் வண்டியில் ஏற்றவிட்டதில்லை. எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, பெண்ணுக்காகத்தான் சொல்கிறேன்.

எதிர்வீட்டுக் காயாரோகணம் அந்தக் காலத்தில் பர்மா சண்டைக்குப் போய் வந்தவர் என்று தங்களுக்குத் தெரியும். அவர்தான் யோசனை சொன்னார். "வண்டி எந்த மண்ணுல ஓடுதோ அந்த மண்ணு கலரத்தான் அடிப்பாங்க. பாலைவனம்னா மணல் கலரு, வங்காளத்துப் பக்கம்னா பச்சை. டேங்கு கலர மட்டும் சொல்லுங்க, ஆளு எங்க இருக்காருன்னு நான் சொல்றேன்" என்றார். நம்ம ஊரில் ஓட்டினால் என்ன கலர் என்று கேட்டேன். "சேறு. அடிக்கவே வேணாம், தானா ஒட்டிக்கும்" என்றார். (பர்மாவில் அவர் பார்த்தது சமையல் வேலை, டாங்கியைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்பதை அவர் சம்சாரம் பிறகுதான் சொன்னாள்.) சரி, ஒவ்வொரு கலராக அடித்துப் பார்ப்போம், எந்தக் கலரைப் பார்த்தால் பெண்ணுக்குத் தைரியம் வருகிறதோ அதையே வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

மீரா உசேன் பாய் கடைக்குப் போய்ப் பெயிண்ட் கேட்டால், இந்த ஊரில் கொடிக்கம்பத்துக்குப் போகாத பெயிண்ட் டப்பாவே கிடையாது மாப்பிள்ளை. சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள். மணல் கலர், மிலிட்டரி கலர் என்று கேட்டதற்கு, "அந்தக் கட்சி இன்னும் இந்தப் பக்கம் வரலீங்களே கிளார்க்கையா" என்று சிரிக்கிறார். ரயில்வேயில் எந்த வேகனுக்கும் முதலில் ஒரு செங்காவி பூசிவிட்டுத்தான் மேல் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் உடம்புக்குச் சிவப்பும் சக்கரத்துக்குக் கறுப்பும் அடித்து ஜன்னலில் காய வைத்தேன். ஐப்பசி அடைமழை, காய்ந்தால்தானே? அதற்குள் தெருவே பார்த்துவிட்டது. ஆளுங்கட்சிப் பையன்கள் வந்து, "கறுப்பு சிவப்பு ஜோரா இருக்குங்கய்யா, ஊர்வலத்துக்குக் குடுங்க" என்று கேட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால், குடையோடு மிராசுதார் கோவிந்தராசு நிற்கிறார். அவர் கண்ணுக்குச் சக்கரத்துக் கறுப்பு தெரியவில்லை, சிவப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "என்ன சிவசாமி, செங்கொடிக்காரங்களுக்கு டேங்கு பண்ணிக் குடுக்குறீங்களாமே? யாரு மேல ஏத்துறதா உத்தேசம்?" என்றார். வெற்றிலை போட வந்த மனுஷன் வெற்றிலையைத் தொடாமலே போய்விட்டார்.

அதன்மேல் பச்சையை அடித்தேன். மீரா உசேன் பாய் வேண்டுமென்றே என்னைச் சீண்டினார். "முஸ்லிம் லீக்குல சேரணும்னா நேரா வந்து சொல்லலாமேங்க, இதுக்கு எதுக்கு டேங்கு?" என்றார். அது போகட்டும். காயாரோகணம் வந்து பார்த்து, "பச்சையா? அப்ப வங்காளந்தான். அங்க ஆத்துக்கு ஆறு சண்டை வரும்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டுப் போனார். தையல்நாயகிக்கு முகமே சரியில்லை. சாயங்காலமே மஞ்சளை எடுத்தேன். மணலுக்கு மஞ்சள் பக்கத்துச் சொந்தம்தானே?

இங்கேதான் மாப்பிள்ளை, என் புத்தி வேலை செய்யவில்லை. இந்த வருஷம் தாளடி நடவுக்குக் கூலித் தகராறு என்பது தங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மிராசுதார் சங்கம் மஞ்சள் கொடி, மறு பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம் செங்கொடி, நடுவில் வாய்க்கால் மதகில் போலீஸ் வேன். மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து நடுகிறார்கள், செங்கொடிக்காரர்கள் மறிக்கிறார்கள். நம் ஆறு மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஐயாவு செங்கொடிச் சங்கத்தில் முக்கியமானவர். நான் சங்கக் கூலிக்கு முதலிலேயே சம்மதம் சொல்லிவிட்டதால் நம் வயலுக்கு மட்டும் தகராறு இல்லை, மறுநாள் நடவு. நாற்றுப் பறித்தாயிற்று என்று சொல்ல ஐயாவு காலையில் வந்தார். ஜன்னலில் மஞ்சள் டாங்கி நிற்கிறது, பீரங்கிக் குழாயை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு. பார்த்தார். என்னையும் பார்த்தார். "நீங்களுமாங்கய்யா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். மறுநாள் வயலில் ஒருத்தியும் இறங்கவில்லை. பறித்த நாற்று மழையில் கிடந்தது.

டாங்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, ஐயாவுவின் தெருவுக்கு நானே போனேன். கூட்டம் கூடிவிட்டது. நான் இது மஞ்சள் இல்லை மணல், கீழே பச்சை இருக்கிறது, அதற்கும் கீழே சிவப்பு இருக்கிறது, வேண்டுமானால் சுரண்டிப் பாருங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். சுரண்டியே காட்டினேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. கடைசியில் ஐயாவு, "அது கெடக்கட்டுங்க. மாப்ள எந்த ஊர்ல இருக்காருங்க?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. மழைச்சாரல் கண்ணில் அடித்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க" என்றார் ஐயாவு. அவர் சம்சாரம் உட்கார ஒரு பலகை எடுத்துப் போட்டு, "நல்லா இருப்பாருங்கய்யா, நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றாள். மறுநாள் விடிந்ததும் பெண்கள் வந்து ஆறு மாவையும் நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "பொம்ம டேங்குக்காரய்யா" என்று எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

துண்டில் சுற்றியதில் காயாத பெயிண்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, என் கைரேகையும் சேர்ந்து, டாங்கி இப்போது ஒரு கலராகவும் இல்லை. நாளைக்கு மறுபடி அடித்தாக வேண்டும். ஆகையால் தங்கள் வண்டிக்கு என்ன கலர் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நேரடியாக எழுதக் கூடாதென்றால், பச்சைக்கு 'இங்கே கீரை நன்றாகக் கிடைக்கிறது' என்றும், மணலுக்கு 'கோதுமை ரொட்டி பழகிவிட்டது' என்றும் எழுதவும். அதிகாரி ஐயா அவர்களுக்குச் சந்தேகம் வராது. ஐயா, தாங்கள் இதைப் படித்திருந்தால் கடைசி இரண்டு வரியைப் படிக்காததாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் பெண் இருக்கலாம்.

வைத்தீசுவரன் கோயில் அம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறது. அவள் தங்களையும், தாங்கள் ஓட்டுகிற வண்டியையும், அது எந்தக் கலராக இருந்தாலும், குளிர் மழையில் சேதமில்லாமல் வைத்திருப்பாள். வேளைக்குச் சாப்பிடவும். கம்பளியைப் போர்த்திக்கொள்ளவும். தங்களோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கிழவனின் ஆசீர்வாதத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
வ. சிவசாமி

பி.கு.: அத்தான், தையல்நாயகி எழுதுகிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா இதை என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து போவது நான் இல்லை, அப்பாதான். நான் அம்மா போடுவது போதாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழுதுவிடுவார். பச்சை அடித்த அன்றைக்கு முகம் செத்துப்போனதும் அவருக்குத்தான். செய்தி முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, கண்ணில் தூசி என்கிறார். அதனால் சண்டை வராத ஊரில் டாங்கிக்கு என்ன கலரோ, அந்தக் கலரை அவருக்கு எழுதிவிடுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அப்பா நம்பிவிடுவார். நிஜத்தை எனக்கு எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள்.